காவிரிப் படுகையும் அந்நிய முதலும் – 14: மன்னார்குடித் தொகுதி

தமிழ்நாட்டில் 1991க்குப் பின் வந்திறங்கிய அந்நிய நேரடி முதலீட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மறைமலைநகரின் ஃபோர்டு ஆலையில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் வழியாக ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியாவில் வந்து நிற்பர். சென்னையைச் சுற்றிய அந்த வட்டத்துக்கு வெளியே, மாநிலத்தின் நெற்களஞ்சியம் எனப்படும் காவிரிப் படுகை அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. படுகை மாவட்டங்களுக்கு அந்நிய முதல் வரவே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. முதலீட்டைப் பொருளியலாளர்கள் அதன் நோக்கத்தைக் கொண்டு வகைப்படுத்துவர்: பொருளை விற்கச் சந்தை தேடி வருவது ஒருவகை, மலிவான உழைப்பைத் தேடி வருவது இன்னொருவகை, மண்ணுக்கடியில் உள்ள இயற்கை வளத்தைத் தேடி வருவது மற்றொருவகை. முதலிரு வகையினர் இடத்தைத் தேர்ந்துகொள்ள இயலும். மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு நிலமும் வரிச்சலுகையும் தந்து அவர்களை அழைக்கும். மூன்றாம் வகையினருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வளம் எங்கே கிடக்கிறதோ அங்கேதான் அவர்கள் வந்தாக வேண்டும், அங்கே ஏற்கெனவே ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருந்தாலும். மன்னார்குடி வட்டாரத்துக்கு வந்தது இந்த மூன்றாம் வகை.

கதையின் நடுவில் நிற்கும் நிறுவனம் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன். அது இந்தியாவில் பதிவான, மோடி தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த ஒய்.கே. மோடி நிறுவிய நிறுவனம். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலில், நிலக்கரியை வெட்டி எடுக்காமல் அதனுள் அடங்கிய மீத்தேன் வாயுவை மட்டும் எடுத்து விற்பதில் நாட்டிலேயே முன்னோடியாக இருந்தது. இந்திய நிறுவனத்தின் முயற்சியை அந்நிய முதலீட்டு வரலாற்றில் சேர்ப்பதற்குக் காரணம் அதன் பணம் வந்த வழியில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் உலகளாவிய வைப்புச் சீட்டுகளை வெளியிட்டது. வைப்புச் சீட்டு என்பது, உள்நாட்டு நிறுவனத்தின் பங்குகளை ஒரு வங்கி தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக வெளிநாட்டுச் சந்தையில் அந்நியச் செலாவணியில் விற்கும் சான்று. ஒரு நிறுவனத்தின் வாக்குரிமையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ கைக்கொள்ளும் வெளிநாட்டவரின் பணத்தையே நேரடி முதலீடு என்றும், அதற்குக் குறைந்ததை நிதிச்சந்தை முதலீடு என்றும் பன்னாட்டு நிதியம் பிரிக்கிறது. ஆனால் இந்திய அரசு 1993இல் வகுத்த திட்டம், வைப்புச் சீட்டின் வழியே வந்த பணத்தையும் நேரடி முதலீடாகவே கணக்கிட்டது. ஆகவே வரையறையைப் பொறுத்து இது நேரடி முதலீடாகவும் தோன்றும், அல்லாததாகவும் தோன்றும். வயலில் குழாய் இறங்குவதைப் பார்க்கப்போகும் உழவருக்கு இந்த வேறுபாட்டால் ஆவது எதுவுமில்லை என்றாலும், பொறுப்பை யாரிடம் கேட்பது என்ற கேள்வி எழும்போது அது முக்கியமாகிவிடுகிறது: முதல் லண்டனில் திரண்டது, நிறுவனம் இந்தியாவில் இருந்தது, உரிமம் தில்லியிலும் சென்னையிலும் தரப்பட்டது.

நாட்டின் பொருளாதாரமே அன்று ஒரு மாறுநிலையில் இருந்தது. அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து சந்தையை நோக்கி நகரும் பொருளாதாரத்தை மாறுநிலைப் பொருளாதாரம் என்பர்; இச்சொல் முதன்மையாகச் சோவியத் முகாமிலிருந்து விடுபட்ட கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கே வழங்கினாலும், 1991க்குப் பிந்தைய இந்தியாவுக்கும் அதன் சில இலக்கணங்கள் பொருந்தும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டவர் பங்கை 40 விழுக்காட்டோடு நிறுத்தியிருந்தது. செலாவணி இருப்பு வற்றித் தங்கத்தை அடகுவைக்க நேர்ந்த 1991இல் அந்தக் கதவு திறந்தது. 1990–91இல் நாட்டுக்குள் வந்த அந்நிய நேரடி முதலீடு 10 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. 2008–09இல் அது 4,000 கோடி டாலரைத் தாண்டியது. எரிபொருள் துறையும் இதே போக்கில் தனியாருக்குத் திறக்கப்பட்டு, 1997இல் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கென்று தனிக் கொள்கை வகுக்கப்பட்டது. அதன் நான்காம் சுற்று ஏலத்தில்தான் மன்னார்குடித் தொகுதி என்ற பெயரில் 667 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் வட்டங்களை ஊடறுத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரு கட்டமாக உருவெடுத்தது.

இப்படுகையில் லண்டன் முதல் இறங்கியது இது முதன்முறையன்று என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகளைப் படித்தோர் அறிவர். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நிறுவனம் 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கும் இட்ட இருப்புப்பாதை முற்றிலும் பிரிட்டிஷ் பங்குதாரரின் பணத்தில் ஆனது. ஆனால் நட்டம் வந்தாலும் அவர்களுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதி என்றும், நிலம் இலவசம் என்றும் அரசு ஏற்றுக்கொண்டதால், அந்த முதலீட்டின் இடர் முழுவதும் இந்திய வரிசெலுத்துவோர் தலையில் விழுந்தது. அதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடும் இதே மாவட்டத்தில் இருந்ததை எடுத்துச்சொல்லத்தான் வேண்டும். தஞ்சாவூர் மாவட்டக் கழகம் நிலத்தீர்வையோடு சேர்த்துத் தண்டிய தனிவரியைச் சேமித்து, 1894இல் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியே முத்துப்பேட்டைக்குத் தன் சொந்தப் பாதையை அமைத்தது. மிராசுதாரும் சிறு பட்டாதாரும் செலுத்திய அணாக்களில் ஆன ரயில் அது. வெளியார் முதலா, உள்ளூர் முதலா என்பதைவிட, இடரைச் சுமப்பவர் யார், பயனைப் பெறுபவர் யார் என்ற கேள்வியே காவிரிப் படுகையின் முதலீட்டு வரலாற்றை இணைக்கும் சரடு. 2010இல் அக்கேள்வி புதிய வடிவில் வந்தது.

மன்னார்குடியின் அடியில் கிடப்பது பழுப்பு நிலக்கரி. இந்தியாவில் கண்டறியப்பட்ட பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் உள்ளது. அதில் நெய்வேலி பெயர் பெற்றிருந்தாலும், பெரும்பங்கு மன்னார்குடிப் பகுதியிலேயே புதைந்திருக்கிறது. நெய்வேலியைப் போலன்றி இங்கே படிவம் ஆழத்தில் கிடப்பதாலும், மேலே இருப்பது முப்போகம் விளையக்கூடிய வண்டல் என்பதாலும், சுரங்கம் வெட்டும் யோசனை நெடுங்காலம் ஏட்டளவில் நின்றது. எரிபொருள் தேடல் இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. ஓஎன்ஜிசி எனப்படும் அரசுத்துறை எண்ணெய் நிறுவனம் கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் ஆகிய இடங்களில் கிணறு இறக்கியிருந்தது. கோவில்களப்பால் எரிவாயுவைக் கொண்டு திருமக்கோட்டையில் 107 மெகாவாட் மின்நிலையமும் எழுந்திருந்தது. தமிழ்நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டில் தவித்த ஆண்டுகள் அவை என்பதையும், பெட்ரோலிய இறக்குமதிச் செலவு நாட்டை அழுத்திக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிட்டு, இத்திட்டத்துக்குக் கையெழுத்திட்டவர்களின் நோக்கத்தை மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஒப்பந்தம் 2010 ஜூலையில் நடுவணரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே கையெழுத்தானது. 2011 ஜனவரியில் தமிழ்நாடு அரசு நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. இரண்டு அரசுகள் தேவைப்பட்டதற்குச் சட்டக் காரணம் உண்டு: 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன்கீழ் 1959இல் வந்த விதிகளும் கொள்கையையும் ஏலத்தையும் நடுவணரசிடம் வைத்து, தரைப்பகுதியில் உரிமமும் குத்தகையும் வழங்கும் அதிகாரத்தை, நடுவணரசின் முன்னனுமதியோடு, மாநிலத்திடம் விட்டிருந்தன. வாயு கிடைத்தால் கிணற்றடி மதிப்பில் 10 விழுக்காடு உரிமைத்தொகை மாநிலத்துக்கும், உற்பத்தி அளவையொட்டி ஏலத்தில் ஒப்புக்கொண்ட பங்கு நடுவணரசுக்கும் சேரும். ஆய்வு, முன்னோட்டம், மேம்பாடு, உற்பத்தி என நான்கு கட்டங்களாக வகுக்கப்பட்ட இவ்வகை ஒப்பந்தத்தில் உற்பத்திக் கட்டம் மட்டும் 25 ஆண்டுகள் நீள்வது. நிறுவனத்தின் பங்கு, நடுவணரசின் பங்கு, மாநிலத்தின் பங்கு, பட்டாதாரருக்கு மேற்பரப்பு இழப்பீடு என்று எல்லாவற்றுக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. நிலத்தடி நீருக்கு மட்டும் விலை இல்லை.

அந்த நீர்தான் முழு விவகாரத்தின் உயிர்நாடி. ஆகவே வாயு எடுக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தேவை. சாதாரண எரிவாயு பாறைத் துளைகளில் தனியே தங்கியிருக்கும். துளையிட்டால் தன் அழுத்தத்தில் மேலே வரும். நிலக்கரியில் உள்ள மீத்தேன் அப்படியன்று: கரியின் நுண்துளைகளின் உட்பரப்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது படிவத்தின் விரிசல்களில் நிறைந்த நீரின் அழுத்தம். எனவே துளையை மேல்மண், மணல், களிமண் அடுக்குகளினூடே இறக்கி, எஃகு உறைக்குழாய் செருகிச் சிமென்ட் பூசியபின், அடியிலுள்ள நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்ற வேண்டும். அழுத்தம் தணியத் தணிய மீத்தேன் கரியை விட்டுப் பிரியும். முதலில் நீர் மிகுதியாகவும் வாயு குறைவாகவும் வரும். மாதக்கணக்கில் இறைத்த பின்னரே நிலைமை தலைகீழாகும். ஒரு கிணறு சிறிதளவு பரப்பையே வடிக்கும் என்பதால் ஒரு தொகுதிக்குப் பல கிணறுகள் வேண்டும். வெளிவரும் நீரில் உப்பு கரைந்திருப்பது வழக்கம். அதைச் சுத்திகரிக்க வேண்டும், அல்லது எங்கேயாவது விட வேண்டும்.

ராணிகஞ்சில் இது பெரிய சிக்கலை எழுப்பாமல் போனதற்கு அந்த மண்ணின் இயல்பு ஒரு காரணம். அது இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுரங்கம் தோண்டப்பட்ட கரிநிலம்; அருகிலேயே அசன்சோல், துர்காப்பூர் ஆலைகள் வாயுவை வாங்கக் காத்திருந்தன. மன்னார்குடி வேறு உலகம். வெண்ணாற்றுப் பாசனத்தின் பாமணியாறும் கோரையாறும் பாயும் இந்நிலம் கடலை நோக்கி மிக மெல்லச் சரிவது. நல்ல மழைக்கே வடிகால் திணறும். உப்புநீரை வாய்க்காலில் விட்டால் அது கீழ்மடையான திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் வயலில் ஏறும். அங்கோ கடல்நீர் ஏற்கெனவே நிலத்தடியில் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம், ஆற்றுநீர் பொய்க்கும் ஆண்டுகளில் உழவரைக் காத்தது ஃபில்டர் பாயிண்ட் என்று ஊரார் சொல்லும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறு. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கும் என்ற நம்பிக்கையில், மே மாதமே அந்தக் கிணற்று நீரைக் கொண்டு நாற்றங்கால் விட்டு, ஆற்றுநீர் வந்ததும் பறித்து நடுவதே குறுவையின் கணக்கு. நிலத்தடி நீர் சில அடி இறங்கினால் அந்த மோட்டாரில் காற்றுதான் வரும். மீத்தேன் கிணறு இறைப்பது வேறு ஆழத்து நீர், இடையில் களிமண் அடுக்குகள் தடுப்பாக உள்ளன என்பது திட்டத்துக்கு ஆதரவான வாதம். அந்த அடுக்குகள் எங்கும் அறுபடாமல் விரிந்திருக்கின்றன என்று மெய்ப்பிப்பது வண்டல் படிந்த ஒரு கழிமுகத்தில் எளிதன்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு உழவர் தலையில் விழுந்திருக்கக் கூடாது என்பதே நியாயம்.

2012 செப்டம்பரில் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், 50 ஆய்வுத் துளைகளுக்கும் 30 முன்னோட்டக் கிணறுகளுக்கும் அனுமதி வழங்கியது. அதே ஆண்டில் கர்நாடகத்திலிருந்து நீர் வராமல், மேட்டூர் அணை ஜூனுக்குப் பதிலாகச் செப்டம்பர் நடுவில்தான் திறக்கப்பட்டது. குறுவை பெரும்பாலும் போயிற்று, சம்பாவும் கருகியது. நீரின்றித் தவித்த ஓராண்டில், நீரை இறைத்து வெளியேற்றும் திட்டம் ஒன்றுக்குக் கிடைத்த அனுமதியைப் படுகை மக்கள் எப்படி வாங்கிக்கொண்டிருப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை. காவிரி நீருக்காக உச்ச நீதிமன்றத்தில் 1983இலேயே வழக்குத் தொடுத்த உழவர் சங்க மரபு இம்மண்ணுக்கு உண்டு. அந்த மரபு இப்போது ஆற்றுநீரிலிருந்து நிலத்தடி நீருக்குத் திரும்பியது. பேராசிரியர் த. செயராமன் முன்னின்ற மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பும், உழவர் சங்கங்களும், ஊர் இளைஞர்களும் கிராமம் கிராமமாகச் சென்றனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இப்பரப்புரையிலேயே தம் கடைசி நாள்களைச் செலவிட்டு, 2013 டிசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். அவர் இறப்பு, அதுவரை விலகி நின்ற பலரையும் போராட்டத்துக்குள் இழுத்துவந்தது.

கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. அந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட வலிமை இல்லை. ஒப்பந்தத்தில் கிராமம் ஒரு தரப்பே இல்லை. முதலீட்டாளர் பக்கம் பார்த்தால், நாடுகளுக்கிடையிலான முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகள், பன்னாட்டு நடுவர் மன்றம் என்று அரண்கள் பல இருந்தன. 2011இல் வைட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் அத்தகைய மன்றத்தில் இந்தியாவுக்கெதிராக வென்றதும் அக்காலத்துச் செய்திதான். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுவோர், அவ்வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போகும் தொழிலாளர் ஆகியோரின் நிலை இன்னும் நலிந்தது. பட்டாவில் பெயருள்ளவரைத்தான் இழப்பீடு தேடிச்செல்லும், தண்ணீர் வற்றினால் முதலில் வேலையிழப்பவரோ இவர்கள். இப்போராட்டத்தில் குத்தகையாளரும் கூலித் தொழிலாளரும் மிராசுதாரரோடு ஒரே பந்தலில் அமர்ந்ததை, கீழத்தஞ்சையின் கூலிப் போராட்ட வரலாற்றை அறிந்தோர் எளிதாகக் கடந்துசெல்ல மாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2013 ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்து, ஆராய வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. 2015இல் நடுவணரசும் ஒப்பந்தத்தைக் கைவிட்டதாகத் தெரிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு, குழுவின் அறிக்கையை ஏற்று, படுகையில் மீத்தேன் எடுப்பதற்கு நிரந்தரத் தடை விதித்தது. புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது ஒரு கட்சியின் ஆட்சி, நிறுத்தியது இன்னொன்றின் ஆட்சி; பிற்காலத்தில் இரண்டுமே திட்டத்தை எதிர்த்தன என்பது மக்கள் எதிர்ப்பின் அளவைக் காட்டும்.

இம்முடிவை உலகப் பின்னணியில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. அமெரிக்கப் பொருளியலாளர் ரேமண்ட் வெர்னன் 1971இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இயற்கை வள முதலீட்டில் பேரம் பேசும் வலிமை காலப்போக்கில் இடம்மாறும் என்று விளக்கினார்: பணம் போடுமுன் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கும், அரசு சலுகைகளைத் தரும், பணம் மண்ணில் புதைந்து திரும்ப எடுக்க முடியாத நிலை வந்தபின் அரசின் கை ஓங்கி, நிபந்தனைகள் இறுகும். மன்னார்குடியில் நடந்தது இவ்விதிக்குள் அடங்கவில்லை. இங்கே பெருமுதல் மண்ணில் இறங்குமுன்பே பேரம் குலைந்தது. குலைத்தது அரசன்று, பேரத்தில் இடமே தரப்படாத மூன்றாம் தரப்பு. புதைந்த பணம் சிறிதாக இருந்ததால்தான் திட்டத்தைக் கைவிடுவதும் அரசுகளுக்கு மலிவாக முடிந்தது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பல்கேரியா என்ற சிறிய மாறுநிலைப் பொருளாதாரத்தில் இதற்கு இணையான ஒன்று நடந்தது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அந்நாடு தன் எரிவாயுவுக்கு ரஷ்யாவையே நம்பியிருந்ததால், அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனத்துக்கு 2011 ஜூனில் வடகிழக்கே ஷேல் பாறை வாயுவைத் தேட உரிமம் தந்தது. அந்தப் பகுதியில்தான் நாட்டின் தானியக் களஞ்சியமான தோப்ருஜா இருந்தது. ஷேல் வாயு எடுக்க நீரையும் வேதிப்பொருளையும் உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். நிலத்தடி நீர் கெடும் என்று உழவரும் நகரத்தாரும் தெருவில் இறங்க, 2012 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் அம்முறைக்குத் தடை விதித்தது. அண்டை நாடான ருமேனியாவின் புங்கெஷ்ட் என்ற சிற்றூரிலும் 2013இல் எதிர்ப்பு வெடித்து, 2015இல் செவ்ரான் வெளியேறியது. முதலீட்டுக்காக ஏங்கும் நாடுகள் எந்த நிபந்தனையையும் ஏற்கும் என்ற பொதுக் கருத்தை இவ்விரு நாடுகளின் உழவர் பகுதிகளும் பொய்யாக்கின. பல்கேரியாவில் ஏழே மாதங்களில் சட்டம் வந்தது. காவிரிப் படுகை அதற்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

அந்த ஆண்டுகளில் வேறு பெயர்களில் அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராட்டம் எழுந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. 2018 அக்டோபரில் புதிய உரிமக் கொள்கையின்கீழ்த் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டபோது, இரண்டு வேதாந்தாவுக்குப் போயின. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தாய் நிறுவனத்தின் அந்தப் பெயர், தூத்துக்குடியில் அதன் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் அவ்வாண்டு மே மாதம் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வால் தமிழகமெங்கும் அறியப்பட்டிருந்தது. 2020 ஜனவரியில் நடுவணரசு, தரைப்பகுதி எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே எடப்பாடி பழனிசாமி அரசு, தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கிய அம்மண்டலத்தில், எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு முதலியவற்றுக்கான புதிய ஆய்வும் துளையிடலும் தடுக்கப்பட்டன. உருக்காலை, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவையும் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. சட்டம் வருமுன் இயங்கிவந்த திட்டங்களை அது தொடவில்லை. கோவில்களப்பால் உள்ளிட்ட பழைய எரிவாயு வயல்கள் அப்படியே நீடித்தன.

பழுப்பு நிலக்கரி மீண்டும் ஒருமுறை பேச்சுக்கு வந்தது 2023இல். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நடுவணரசின் நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில், மன்னார்குடிக்கு மேற்கேயுள்ள வடசேரித் தொகுதியோடு, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய இரண்டும் இருந்தன. வடசேரியும் அதைச் சுற்றிய ஊர்களும் கொந்தளித்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஏப்ரல் 4ஆம் நாள் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான்கு நாள் கழித்து மூன்று தொகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். மன்னார்குடித் தொகுதியின் மீத்தேனுக்கு ஐந்தாண்டுகள் எடுத்த முடிவு இம்முறை பத்து நாள்களுக்குள் வந்துவிட்டது. எனினும் நீக்கம் ஓர் அமைச்சரின் அறிவிப்பாக மட்டுமே வந்தது. நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் முன்போலவே தில்லியில் இருக்கிறது.